பாட்டன் பூமிக்கு வழி சொல்லும் ஓடைகள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பரண்மேல் ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதற்குள் துணியில் சுற்றிய சில காகிதங்கள். முத்திரைத்தாளில் எழுதிய கிரயப் பத்திரம் ஒன்று, கிஸ்தி கட்டிய ரசீதுகள் இரண்டு மூன்று, மடிப்பில் கிழிந்துபோன பட்டா ஒன்று. நிலம் எப்போதோ கைமாறியிருக்கும். காகிதத்தை மட்டும் பாட்டி எறிய விடாமல் வைத்திருப்பாள். அவள் காலத்துக்குப் பிறகு பெட்டியைத் திறக்கிற பேரனுக்கு அதைப் படிக்க வராது. அவன் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவன், வீட்டில் தமிழ் பேசுகிறவன். பத்திரமோ பழைய தமிழ்க் கையெழுத்தில், புள்ளி இல்லாமல், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும்.

இதை வைத்துக்கொண்டு போன நிலத்தை மீட்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது வக்கீல்கள் விஷயம்; பெரும்பாலும் முடியாது. ஆனால், "நாம் எந்த ஊர்க்காரர்கள், எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறோம்?" என்ற கேள்விக்கு அந்தக் காகிதத்தில் பதில் இருக்கிறது. அதை எந்த வரியில் தேடுவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

பத்திரத்தில் முதலில் பெயர்கள் வரும். பிறகு தொகை. அதற்குப் பிறகு நான்கெல்லை. கிழக்கே இன்னார் புஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே இன்ன ஓடை, வடக்கே ஏரிக் கால்வாய் என்று போகும். படிப்பவர்கள் வழக்கமாக இந்த வரிகளைத் தாண்டிவிடுவார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இங்கேதான் நிற்க வேண்டும். பக்கத்து நிலக்காரர் இறந்திருப்பார். வண்டிப்பாதை தார் ரோடு ஆகியிருக்கும். சர்வே நம்பர் மாறியிருக்கும். ஓடை மட்டும் பெரும்பாலும் அதே இடத்தில், அதே பெயருடனோ கொஞ்சம் உருமாறிய பெயருடனோ ஓடிக்கொண்டிருக்கும்.

அடிக்கடி மாறிய விலாசம்

வேறு மாவட்டத்தாருக்கு இல்லாத ஒரு சங்கடம் நம்மவர்களுக்கு உண்டு. நிலம் அசையாமல் இருக்க, அதன் விலாசம் பல தடவை மாறியிருக்கிறது.

1801-இல் ஆற்காடு நவாபின் சீமை கம்பெனியார் கைக்கு வந்தது. அதன்பின் திருப்பதியும் சித்தூரும் வடஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. அந்த ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான் என்பது இன்றைய வேலூர்க்காரர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. மேற்கேயிருந்த மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்கள் கடப்பை ஜில்லாவிலிருந்து வந்து சேர்ந்தன. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது ஜில்லா முழுவதும் அங்கே போயிற்று. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பி, செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் வடபகுதிக் கிராமங்கள் சித்தூருக்கு வந்தன. சத்தியவேடு தாலுகா அப்படிப் பிறந்ததுதான்.

அத்தோடு முடியவில்லை. 1985-இல் தாலுகா, பிர்க்கா முறை போய் மண்டலங்கள் வந்தன. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. அந்தப் பிரிவினையில் புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போக, அண்டையிலிருக்கும் நகரி சித்தூரிலேயே நின்றது. மாமனார் வீடு ஒரு மாவட்டம், மருமகன் வீடு ஒரு மாவட்டம்.

எல்லைக்கோடு நகரும்போதெல்லாம் காகிதமும் நகர்ந்தது, அல்லது நகராமல் பழைய ஆபீசிலேயே தங்கிவிட்டது. சத்தியவேட்டுக்காரர் 1960-க்கு முந்திய கணக்கைத் தேடினால் சித்தூரில் அலைந்து பயனில்லை; செங்கற்பட்டு ஜில்லாக் கணக்கைக் கேட்க வேண்டும். திருத்தணிக்காரருக்கு நேர் எதிர். 1911-க்கு முந்தியது என்றால் இருவரில் ஒருவருக்குச் செங்கற்பட்டு, மற்றவருக்கு வடஆற்காடு. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய ஜில்லாக்களின் தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. பிரிவினையின்போது ஆந்திரப் பகுதிக்குரியவை ஆந்திர அரசின் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. ஓரிடத்தில் இல்லை என்றால் மனம் தளராமல் மற்ற இடத்தில் கேட்க வேண்டும். கேட்கும்போது இன்றைய மாவட்டப் பெயரைச் சொன்னால் குமாஸ்தா கையை விரிப்பார். எந்த வருஷத்துக் காகிதம் வேண்டுமோ அந்த வருஷத்து ஜில்லா, தாலுகா பெயரைச் சொல்ல வேண்டும்.

வருஷத்திலும் ஒரு முடிச்சு உண்டு. ரெவின்யூக் கணக்குகளில் ஆங்கில ஆண்டு இருக்காது. பசலி என்று இருக்கும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1320 என்றால் 1910 ஜூலையிலிருந்து 1911 ஜூன் வரை. நிலத்தின் அளவும் ஏக்கரில் இல்லாமல் காணி, குழியில் இருக்கலாம். சென்னைப் பக்கத்துக் கணக்கில் 100 குழி ஒரு காணி. 57,600 சதுர அடி. ஏறத்தாழ 1 ஏக்கர் 32 சென்ட்.

தெலுங்கு ஏட்டில் தமிழ்ப் பெயர்

விலாசம் தெரிந்த பிறகு அடுத்த தடை, பெயர். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான். தெலுங்கருக்கு 'இண்டிபேரு' முன்னால் வரவேண்டும். தெலுங்கில் ஏடு எழுதிய கர்ணம், தமிழ்க் குடும்பத்துக்கு இண்டிபேரு என்ன போடுவது என்று யோசித்து, வந்த ஊரின் பெயரையோ தொழிலையோ ஜாதிப் பட்டத்தையோ முன்னால் எழுதிவிடுவது உண்டு. ஆகவே ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு இண்டிபேரும் தம்பிக்கு வேறொன்றும் விழுந்திருக்கலாம். கணக்கில் இருவரும் அந்நியர்கள்.

ழகரம் தெலுங்கில் இல்லாதது இன்னொரு தொல்லை. அது 'ள' ஆகும், சில சமயம் 'ட' ஆகும், இன்னும் சில சமயம் காணாமலே போகும். பாளையம் 'பாலெம்' ஆகும். முதலியார் 'மொதலி' ஆவார். தேடுகிறவர் தம் பாட்டனார் பெயரை நாலைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேடுவதே புத்திசாலித்தனம்.

நம் பக்கம் ஒரு சாதகமும் இருக்கிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. ஆகையால் ஒன்றுவிட்டு ஒன்று தலைமுறையில் அதே பெயர் திரும்பி வரும். 1910-இல் சுப்பராயன் மகன் முருகேசன் என்று பட்டாவில் இருந்தால், 1880 வாக்கில் முருகேசன் மகன் சுப்பராயன் என்று ஒரு வரி இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கலாம். இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரே ஊரில் பங்காளிகள் வீட்டில் நாலு முருகேசன்கள் இருப்பார்கள். நம் முருகேசன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிலத்தை வைத்துத்தான். நம் முருகேசனின் புஞ்சைக்கு மேற்கே ஓடை. மற்ற முருகேசனின் நஞ்சைக்கு வடக்கே ஏரிக்கரை. ஆளை நிலம் காட்டிக்கொடுக்கும், நிலத்தை ஓடை காட்டிக்கொடுக்கும்.

ஓடையா, வங்காவா?

ஓடையைக் கண்டுபிடிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. தமிழில் ஓடை என்பதைச் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் 'வங்கா' என்பார்கள். ஆறு 'ஏரு', கால்வாய் 'காலுவ', ஏரி 'செருவு', குட்டை 'குண்ட', மடு 'மடுகு'. பழைய பத்திரத்தில் புளியமரத்து ஓடை என்று இருந்தால், இன்றைய கிராமக் கணக்கில் அது 'சிந்தமானு வங்கா' என்று இருக்கலாம். இரண்டையும் வெவ்வேறு என்று நினைத்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். எந்த மொழிக்கும் போகாமல் நின்ற சொற்களும் உண்டு. நம் புறம்போக்கு, தெலுங்குக் கணக்கிலும் 'போரம்போகு', இங்கிலீஷ் கணக்கிலும் அதேதான். வெள்ளைக்காரன் அதற்குத் தன் மொழியில் ஒரு சொல் தேடிக் களைத்துப்போயிருப்பான் போலிருக்கிறது.

இன்னொன்று, ஓடைக்கு மேலூரில் ஒரு பெயர், கீழூரில் ஒரு பெயர் இருக்கும். எந்த ஊரிலிருந்து வருகிறதோ அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கீழே இருப்பவர்கள் அதை அழைப்பார்கள். பெரிய ஆறுகளே இதற்குச் சாட்சி. சித்தூர் நகரத்தில் நீவா நதி என்று ஓடுவது, எல்லை தாண்டினால் பொன்னை ஆறு. கடைசியில் பாலாற்றில் கலக்கிறது. திருவல்லம் தலபுராணக் கதை வேறு மாதிரி. அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டி 'நீ வா' என்று அழைத்ததும் வந்த ஆறாம் அது. திருப்பதிக்குத் தெற்கே ஓடிக் காளத்தியை நனைக்கும் சுவர்ணமுகிதான் தமிழ் நூல்களின் பொன்முகலி. நகரி ஆறு தமிழ்நாட்டுக்குள் போய்க் கொசஸ்தலையில் சேர்கிறது. ஆரணியாறு சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டைக்குப் போகிறது. பலமநேர்ப் பக்கத்துக் கௌண்டின்யா குடியாத்தத்தில் கௌண்டன்ய மகாநதி. நீர்வழியே நடந்தால் நம் சொந்தபந்தங்களின் ஊர்களும் வரிசையாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் அந்த வழியில்தான்.

பெயரைப் பிரித்துப் பொருள் சொல்வதில் மட்டும் அவசரம் கூடாது. சித்தூர் என்பது சிற்றூர் என்று கொள்வதில் பெரிய தகராறு இல்லை. புத்தூர் அப்படியல்ல. அது புது ஊராகவும் இருக்கலாம், புற்று ஊராகவும் இருக்கலாம். உச்சரிப்பைக் கேட்டு முடிவு கட்ட முடியாது. காணிப்பாக்கத்தில் ஓடும் ஆற்றுக்குப் பாஹுதா என்று பெயர். வெட்டுண்ட கையை லிகிதருக்குத் திரும்பக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். புராணம் அது. ஆனால் ஊரின் பெயரில் இருக்கும் 'காணி' நம் பத்திரங்களில் வருகிற அதே காணி, நில உரிமை. பிள்ளையாரைக் கும்பிடப் போகிறவர்கள் அந்தச் சொல்லைத் தினமும் உச்சரிக்கிறார்கள்.

ஓடை இருக்கும் இடத்தைக் காண கிராம வரைபடம் வேண்டும். சென்னை ராஜதானியில் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற கணக்கில் கிராமப் படங்கள் வரையப்பட்டன. அதில் ஒவ்வொரு வயலுக்கும் நம்பர், ஏரி, கால்வாய், ஓடை எல்லாம் இருக்கும். அதோடு செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலீஷிலும் உள்ளூர் மொழியிலுமாக அச்சிட்டதால் இதற்கு ஆந்திராவில் 'டைக்ளாட்' என்ற பெயர் வழங்குகிறது. சர்வேக்கு முந்திய பைமாஷ் நம்பர், பழைய சர்வே நம்பர் ஆகியவற்றுக்கு இன்றைய நம்பர் எது என்று பிடிப்பதற்கு இதைவிட நல்ல ஏணி இல்லை.

தண்ணீர் சுமந்த குடும்பம்

ஒரு நீரோட்டமும் ஒரு குடும்பமும் பிரியாமல் ஆயிரம் வருஷமாக நிற்பதற்கு உதாரணம் திருமலை மேலேயே இருக்கிறது. ராமானுஜரின் தாய்மாமன் பெரிய திருமலை நம்பிகள். பெருமாள் அபிஷேகத்துக்குப் பாபவிநாசத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தவர். ஒருநாள் வழியில் ஒரு வேடன் தாகம் என்று கேட்டு, குடத்தைத் துளைத்துக் குடித்துவிட்டு, வருந்திய நம்பிகளுக்காக அம்பை எய்து அருகிலேயே ஒரு நீரூற்றை வரவழைத்தான் என்பது வைணவ வரலாறு. அதுதான் ஆகாசகங்கை, கோயிலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். வேடனாக வந்த பெருமாள் அவரைத் 'தாதா' என்று அழைத்ததால் சந்ததியாருக்குத் தாதாசாரியார் என்ற பெயர் வந்தது என்பார்கள். அவருடைய வம்சத்தாரான தோழப்பர் குடும்பத்தார் ஆகாசகங்கைத் தீர்த்தத்தைக் கோயிலுக்குக் கொண்டுவரும் கைங்கரியத்தைச் செய்துவருகிறார்கள். தண்ணீரமுது உற்சவம் ஆண்டுதோறும் இதை நினைவூட்டுகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நீரோடையின் பெயரும் குடும்பத்தின் பெயரும் ஒரே கதையில் கட்டுண்டு வருகின்றன என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இதே மலையில் கல்லில் எழுதிய நில ரிஜிஸ்தர் ஒன்றும் இருக்கிறது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ். தேவஸ்தானமே சாது சுப்பிரமணிய சாஸ்திரியைக் கொண்டு ஆராயச் செய்து, 1930-களில் தொகுதி தொகுதியாக அவற்றை வெளியிட்டது. நூல்நிலையத்தில் உட்கார்ந்து புரட்டினால் கண் திறக்கும். கி.பி. 966-ஐச் சேர்ந்தது எனப்படும் கல்வெட்டில், வெள்ளித் திருமேனி செய்து வைத்த சாமவை என்னும் காடவன் பெருந்தேவி, அதன் பூஜைக்கு நிலமும் விட்டாள். அவள் யார்? சத்திவிடங்கனின் தேவி, பல்லவப் பேர்கடையாரின் மகள். புருஷன் பெயர், தகப்பன் பெயர், நிலம். நம் வீட்டுப் பத்திரத்தில் இருப்பதும் இதே மூன்றுதான்.

அந்தக் கல்வெட்டுகளில் திருச்சானூர் 'திருச்சுகனூர்' என்று வரும். அது திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டைச் சேர்ந்தது. விஜயநகர காலத்தில் பக்தர்கள் கொடுத்த பணத்தைக் கோயில் சும்மா வைக்கவில்லை. தேவதான ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதில் முதலீடு செய்து, விளைச்சல் அதிகரித்ததில் கட்டளைகளை நடத்தியது. பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்கச் சரித்திரப் பேராசிரியர் 1960-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. திருப்பதியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு கால்வாய்க்கு ஏன் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது என்று வியப்பவர்கள் இந்தக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம்.

கோயில் ஊழியத்தோடு தொடர்புள்ள குடும்பங்களுக்கு வேறு தஸ்தாவேஜுகளும் உண்டு. 1801 முதல் 1843 வரை கோயில் நிர்வாகத்தைக் கம்பெனியார் நேரடியாகப் பார்த்தனர். எந்த மிராசுக்கு என்ன கடமை, என்ன வரும்படி என்பதெல்லாம் அப்போது எழுதப்பட்டது. 1821-இன் புரூஸ் கோடு அவற்றில் பிரசித்தம். 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் போயிற்று. 1933-இல் தேவஸ்தானச் சட்டம் வந்தது. பரம்பரை மிராசு உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. உரிமை போனாலும் பெயர்ப் பட்டியல் போகவில்லை.

இனாம் ரிஜிஸ்தர் என்னும் புதையல்

கல்லிலிருந்து காகிதத்துக்கு வருவோம். சாதாரணக் குடும்பம் ஒன்று தன் வம்சாவளியைத் தேட, இனாம் ரிஜிஸ்தரைவிடச் சிறந்தது வேறில்லை என்பது என் கருத்து. 1858-இல் சென்னை ராஜதானியில் இனாம் கமிஷன் ஏற்பட்டது. வரியில்லா நிலமோ குறைந்த வரி நிலமோ வைத்திருப்பவர் எந்த உரிமையில் வைத்திருக்கிறார் என்று ஊர் ஊராக விசாரித்தார்கள். யார் கொடுத்தது, எந்த வருஷம், சாசனம் இருக்கிறதா, முதலில் வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் பெயர், வயது, வசிக்கும் ஊர், முதலில் வாங்கியவருக்கு என்ன உறவு என்று கட்டம் கட்டமாக எழுதினார்கள். 1860 வாக்கில் உயிரோடிருந்தவரின் வயதும், அவருக்கு முந்திய இரண்டு மூன்று தலைமுறையின் பெயர்களும் ஒரே வரியில் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

இனாம் என்றதும் அக்கிரகாரத்தார் சமாசாரம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். கிராம ஊழிய இனாம்களும் உண்டு. தலையாரி, வெட்டியான், ஏரி மடையைத் திறந்து மூடி வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டி ஆகியோருக்கும் மானியம் இருந்தது. அந்த நீர்க்கட்டியைத்தான் தெலுங்கில் 'நீருகண்டி' என்கிறார்கள்.

கார்வேட்டிநகரம், காளத்தி ஜமீன்களில் இருந்தவர்களுக்குப் பாதை கொஞ்சம் சுற்று. அங்கே குடியானவன் சர்க்காருக்கு நேரே வரி கட்டவில்லை, ஜமீனுக்குக் கட்டினான். ஆகவே பட்டாவும் முச்சிலிக்காவும் ஜமீன் கச்சேரியில் எழுதியவை. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் சர்க்கார் பட்டா வந்தது. அந்தச் சமயத்து செட்டில்மெண்ட் விசாரணைக் கட்டுகளில், "இந்த நிலத்தை என் பாட்டனார் காலம் முதல் பயிரிடுகிறோம்" என்று குடியானவர்கள் கொடுத்த வாக்குமூலங்கள் இருக்கக்கூடும். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பத்திரப் பதிவு ஆபீஸ்களையும் மறக்கக் கூடாது. நம் ராஜதானியில் 1865 முதல் பதிவு நடக்கிறது. ஆந்திராவில் கம்ப்யூட்டரில் வில்லங்கச் சான்று கிடைப்பது 1983-இலிருந்துதான். அதற்கு முந்தியதற்கு சப்-ரிஜிஸ்தரார் ஆபீசில் கையெழுத்துப் புத்தகங்களைத் தேட மனுப் போட வேண்டும். ஆட்களின் பெயரால் ஒரு அட்டவணை, ஊர், சொத்து விவரத்தால் ஒரு அட்டவணை என்று இரண்டு உண்டு. பெயரால் தேடித் தோற்றவர்கள் ஊரால் தேடட்டும்.

ஏட்டில் ஏறாதவர்கள்

நிலக் கணக்கு நிலம் உள்ளவனைத்தான் பேசும். நகரி, புத்தூர், நாராயணவனத்தில் தறி போட்ட குடும்பங்களுக்கு வீட்டுமனைக்கு மேல் நிலம் இருந்திராது. பிறர் வயலில் உழைத்தவர்களின் பெயரோ எந்த அடங்கலிலும் வராது. அவர்கள் உழுத வயலின் கணக்கில் அவர்கள் இல்லை. குடும்ப வரலாறு தேடும் ஆசை அவர்களுக்கும் இருக்காதா?

அப்படிப்பட்டவர்களுக்கும் ஓரிரு வாசல்கள் இருக்கின்றன. சர்க்கார் நிலத்தைத் தரக்காஸ்து மனுவின்பேரில் ஏழைகளுக்குக் கொடுத்த கட்டுகள் தாலுகா ஆபீஸ்களில் உண்டு; சித்தூர்ப் பக்கத்தில் டி.கே.டி. பட்டா என்று சொல்வது இதைத்தான். மனுதாரர் பெயர், தகப்பனார் பெயர், ஊர் விவரம் அதில் இருக்கும். கொடுத்த நிலம் பெரும்பாலும் மேட்டுப் புஞ்சையாகவோ ஓடைக்கரையாகவோ இருக்கும். நல்ல நஞ்சையை யார் கொடுத்தார்கள்? அதனாலேயே இந்தப் பட்டாக்களின் எல்லையில் ஓடைப் பெயர் அடிக்கடி வரும். ஏட்டில் பாட்டனார் பெயர் கிடைக்காத குடும்பத்திலும், 'எங்கள் தாத்தா இன்ன வங்காவுக்கு அந்தண்டை குடிசை போட்டிருந்தார்' என்ற வார்த்தை வாய்மொழியாகத் தங்கியிருக்கும். அதை எழுதிவைத்தால் அதுவும் ஒரு ஆவணம்தான்.

வாய்மொழியை எழுதி வைப்பதில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. கர்னல் காலின் மெக்கன்சி. 1821-இல் இறந்த இவர் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். காவலி சகோதரர்கள் முதலிய உதவியாளர்களைத் தென்னாடெங்கும் அனுப்பி, கர்ணங்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு, ஊர் வரலாறுகளைக் 'கைபீயத்து' என்ற பெயரில் எழுதச் செய்தார். அவற்றின் பெரும்பகுதி சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு கைபீயத்து கிடைத்தால் அதிர்ஷ்டம்.

புது நம்பர் வருகிறது

இவ்வளவையும் இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஆந்திர அரசு 2020 டிசம்பரில் மாநிலம் முழுவதும் மறு சர்வே தொடங்கியது. வெள்ளைக்காரன் காலத்துச் சங்கிலிக்குப் பதில் ட்ரோன் விமானமும் செயற்கைக்கோளும் அளக்கின்றன. சர்வே முடிந்த கிராமங்களில் பழைய சர்வே நம்பர், உட்பிரிவு எல்லாம் போய், எல்.பி.எம். என்று புது நம்பர் வருகிறது. எல்லைச் சண்டை குறைந்தால் நல்லதுதான். ஆனால் தாத்தாவின் பத்திரத்தில் இருக்கிற நம்பரைச் சொன்னால் நாளைக்கு ஆபீசில் புரிந்துகொள்ள ஆள் இருக்காது. கர்ணங்கள் 1984-லேயே போய்விட்டார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1980-இல் போனார்கள். ஊர்க் கணக்கை மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை முடிந்துகொண்டிருக்கிறது. கர்ணம் வீட்டுப் பரணில் மிஞ்சிய கட்டுகளில் பலவற்றைக் கரையான் தின்றுவிட்டது.

ஓடைகளுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. திருப்பதி நகரம் பெருகப் பெருக, பல ஓடைகள் மனையாகி, தெருவாகிவிட்டன. 2021 நவம்பர் மழையில் சுவர்ணமுகி பெருகியபோது, திருச்சானூர்ப் பக்கத்தில் கரையோர வீடு ஆற்றில் சரிந்ததைப் பார்த்தோம். ராயலசெருவு ஏரி உடையுமோ என்று சுற்றுக் கிராமங்கள் தூங்காமலிருந்தன. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. மறந்தவர்கள் மனை வாங்கியவர்கள்தான்.

ஆகவே கையில் பழைய பத்திரம் இருப்பவர்கள் முதலில் அதைப் படம் பிடித்துக்கொள்ளட்டும். பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்கிறவர்கள் இன்னும் சில பத்திர எழுத்தர்களிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்து நான்கெல்லையை மட்டுமாவது எழுதி வாங்கலாம். மறு சர்வே முடியாத கிராமமானால், இன்றைய அடங்கலிலும் கிராமப் படத்திலும் பழைய நம்பர் இருக்கும்போதே நகல் வாங்கிவிட வேண்டும். முடிந்த கிராமமானால் பழைய நம்பருக்கு எந்தப் புது நம்பர் என்று தாசில்தார் ஆபீசில் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும்.

பிறகு ஊருக்குப் போக வேண்டும். போனதும் நில விஷயம் என்று பேச்செடுத்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பழைய உரிமை கேட்க வந்தவன் என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஓடையின் பெயரைக் கேட்டால் மட்டும் தயங்காமல் சொல்வார்கள். மாடு மேய்க்கிறவர்களும் வண்ணார் வீட்டுப் பெரியவர்களும் ஏரி மடை பார்க்கிறவர்களும் ஒவ்வொரு மடுவுக்கும் பெயர் வைத்திருப்பார்கள். கார்த்திகை மழை கழிந்த கையோடு போவது நல்லது. அப்போது ஓடையில் தண்ணீர் இருக்கும், பெயர் சொல்ல ஆட்களும் வயலில் இருப்பார்கள்.